மூடுபனி குடித்த பொடி

பெரிய உச்சியைக் கண்டால் உடனே கைதட்டாதீர்கள் பிள்ளைகளே. முதலில் சந்தேகப்படுங்கள். சந்தேகம் தீர்ந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கைதட்டிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை.

இந்த ஆய்வுகூட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என் அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். கருவி எப்படி ஓடுகிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்றாகவே அறிவீர்கள், அதனால் அந்தக் கதை வேண்டாம். எனக்கு வேலை போன கதையைச் சொல்கிறேன். போனதற்குக் காரணம் ஒரே ஒரு உச்சி. தாளில் கோடு குபுக்கென்று மேலே எழும்பி நிற்குமே, அதுதான்.

எண்பதுகளில் நோட்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில், மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஸ்டோரில் எங்கள் ஆய்வுப் பிரிவு இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்போம். பெற்றோல் விலை ஏறி நாடே முழி பிதுங்கிய பிறகு, கரும்புப்பாகில் வடிக்கும் மதுசாரத்தைப் பெற்றோலாக மாற்றிவிடலாம் என்று கொழும்பில் யாருக்கோ யோசனை வந்தது. பக்கத்திலேயே மின்சாரம் உற்பத்தியாகிறது, உலை எரிக்க வசதி என்று அந்த ஸ்டோரை எங்களுக்குக் கொடுத்தார்கள். மழையைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை. கொழும்பு வெயிலில் உட்கார்ந்துகொண்டு எங்கள் மழையை யாராலும் யோசிக்க முடியாது.

மதுசாரத்தை மாற்றும் பொடிக்குச் சியோலைட்டு என்று பெயர். அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத அறைகள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்கள் மாதிரி வரிசையாக இருக்கும். சுவரில் சிலிக்கன் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அலுமினியம் உட்கார்ந்தால், அதன் பக்கத்தில் ஓர் ஐதரசன் வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த ஐதரசன்தான் அமிலத் தளம். வேலை செய்வது அது மட்டும்தான், மற்றதெல்லாம் வெறும் கட்டடம். பொடியை நாங்கள் உள்ளூர்க் களிமண்ணிலிருந்து செய்வோம். அதைக் காந்தத்துக்குள் வைத்துச் சுழற்றிப் பார்க்கும் என்.எம்.ஆர். கருவி இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்தது. நாங்கள் தபாலில் அனுப்புவோம், அவர்கள் படம் எடுத்துச் சுருட்டி அனுப்புவார்கள். அனுப்பியதை நாங்களே மறந்துபோகும் சமயத்தில் படம் வந்து சேரும்.

நான் வட்டவளைப் பக்கத்து லயம் ஒன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தார். இரசாயனவியல் பட்டம் வாங்கியிருந்தும் பிரஜாவுரிமைப் பத்திரம் கைக்கு வராததால் என் நியமனம் தற்காலிகமாகவே கிடந்தது. பிரிவு நீடித்தால் நான் நீடிப்பேன், பிரிவுக்குச் சளி பிடித்தால் முதலில் எனக்குத்தான் தும்மல் வரும். இதை ஒவ்வொரு நாளும் மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த ஸ்டோர் படியை ஏறினேன்.

எங்கள் டைரக்டர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். அவருடைய தகப்பனார் தோட்டத்தில் டீமேக்கராக இருந்ததால் எங்கள் தமிழ் அவர் வாயில் தண்ணீர் பட்ட பாடு. கெட்டிக்காரர், கோபக்காரர். ஆரம்பத்தில் நாங்கள் அலுமினியத்தின் உச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அலுமினியம் சுவருக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா, உலைச் சூட்டில் வெளியே விழுந்துவிட்டதா என்று அதில் தெரியும். ஆனால் அந்தப் பொடி காய்ந்து கிடந்தால் அலுமினியம் முகம் காட்டாது. உச்சி அகன்று, தட்டையாகி, தாளோடு தாளாகப் படுத்துவிடும். நன்றாக ஈரம் குடிக்க வைத்தால் அது கூர்மையாக எழும்பும்.

மற்ற நாட்டுக்காரர்கள் இதற்கென்று கண்ணாடி ஜாடிக்குள் உப்புக்கரைசல் வைத்துப் பக்குவமாக ஈரமூட்டினார்கள். எங்கள் டைரக்டர் சிரித்தார். கொழுந்து வாட்டும் மேல்மாடியில், ஜன்னலைத் திறந்துவிட்டு, பொடியைத் தட்டில் பரப்பி வைக்கச் சொன்னார். மூடுபனி உள்ளே வரும், பொடியைத் தடவும், போகும். ஒரு வாரத்தில் பொடி வேண்டிய மட்டும் குடித்திருக்கும். இங்கிலாந்திலிருந்து பாராட்டு வந்தது, உங்கள் அலுமினியம் போல் தெளிவாக வேறு யாருடையதும் இல்லை என்று. அன்றிலிருந்து மேல்மாடிதான் எங்களுக்குக் கோயில். எந்தப் பொடியாக இருந்தாலும் ஒரு தடவை அங்கே போய்த்தான் வெளியே போகும்.

பிறகு காலம் மாறியது. அலுமினியத்தைப் பார்த்தது போதும், அமிலத் தளத்து ஐதரசனையே நேராகப் பார்க்கலாம் என்று வந்தது. இங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. தண்ணீரிலும் ஐதரசன் இருக்கிறது அல்லவா? பொடியில் துளி ஈரம் இருந்தாலும் அது அமிலத் தளத்து ஐதரசனோடு கைகோத்துக்கொண்டு, இரண்டும் ஒன்றாகி, பெரிய உச்சியாகக் கிளம்பிவிடும். ஆகவே பொடியை எலும்பு வரைக்கும் காயவைத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, காற்றை உறிஞ்சி, முனையை நெருப்பில் உருக்கி அடைக்க வேண்டும்.

அடைப்பவர் செபமாலை அண்ணன். அதே ஸ்டோரில் ஃபிட்டராக இருந்து, எங்களோடு சேர்ந்து கண்ணாடி வேலை பழகியவர். கண்ணாடி வேலைக்கு வெளிச்சம் வேண்டும் என்று அவருடைய மேசை, நெருப்பு, காற்று உறிஞ்சும் பம்ப் எல்லாமே மேல்மாடியில் இருந்தன. உலை கீழே. காய்ந்த பொடியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து, மரப்படி ஏறி, அவர் மேசையில் வைப்போம். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. வட்டவளையிலும் நோட்டனிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மழை பெய்யாத நாள் என்றால் காய்ந்த நாள்தான். மூடுபனியை நாங்கள் ஈரமென்றே கணக்கில் எடுப்பதில்லை.

படம் வந்தது. ஐயோ, அந்த உச்சி! தாளின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. டைரக்டர் தாளைச் சுவரில் குத்திவிட்டு, எல்லோருக்கும் டீயும் பணிசும் வாங்கி வரச் சொன்னார்.

"பாத்தீங்களா மேரி? உலகத்துல யாருகிட்டயும் இவ்வளவு அமிலத் தளம் இல்ல. நம்ம களிமண்ணுல வந்துருக்கு."

நானும் பணிஸ் தின்றேன். சந்தோஷம் தொண்டை வரை இருந்தது. ஆனால் மத்தியானம் உலைக்குப் பக்கத்தில் இருந்த சோதனைக் குழாயைப் பார்த்தேன். ஒரு முனையில் மதுசாரம் போகும், மறுமுனையில் பெற்றோலாக வேண்டிய எண்ணெய் சொட்டும். பழைய பொடிக்கு எப்படிச் சொட்டியதோ, இந்தப் பொடிக்கும் அப்படியேதான் சொட்டியது. அமிலத் தளம் அத்தனை இருந்தால் எண்ணெய் ஏன் கூடவில்லை? உச்சி வளர்ந்திருக்கிறது, வேலை வளரவில்லை.

டைரக்டரிடம் போனேன்.

"சேர், அந்தப் பீக் தண்ணியா இருக்குமோன்னு பயமா இருக்கு."

"தண்ணி எங்கருந்து வரும்? பம்ப் வச்சு உறிஞ்சித்தானே அடைக்கிறோம்?"

"பம்ப் காத்தைத்தான் எடுக்கும் சேர். பொடி புடிச்சு வச்சிருக்கிற தண்ணிய, சூடு இல்லாம சும்மா உறிஞ்சுனா வராது. மாடிக்கு வர்ற வழியிலயே குடிச்சிருந்தா?"

மாடியைப் பற்றிப் பேசியது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. முகம் சிவந்தது. கொழும்பிலிருந்து குழு வருகிறது, அந்த உச்சியைப் பற்றி அவர்களுக்கு ஏற்கனவே சொல்லியாகிவிட்டது, பிரிவை இன்னும் சில வருடங்களுக்கு நீடிப்பதா மூடுவதா என்று அவர்கள்தான் முடிவு செய்யப் போகிறார்கள் என்றார்.

"குழு வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க. ஒங்க வேலையும் இதுலதான் தொங்குது, மறந்துறாதீங்க."

அவர் மிரட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

சந்தேகம் வந்தால் அதை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்காதீர்கள். அதற்கு ஒரு சோதனை வையுங்கள். நான் ஒரே பொடியில் மூன்று குப்பி செய்ய நினைத்தேன். ஒன்று வழக்கம்போல மாடி ஏறிப் போகட்டும். இன்னொன்று அடைபடாமல் மாடி ஜன்னலோரம் கொஞ்ச நேரம் சும்மா நிற்கட்டும். மூன்றாவதை உலை வாயிலேயே, பொடி சூடாக இருக்கும்போதே காற்றை உறிஞ்சி அடைக்க வேண்டும். நின்ற குப்பியில் உச்சி பெருத்து, உலை வாய்க் குப்பியில் காணாமல் போனால், அது மூடுபனிதான்.

மூன்றாவது குப்பிக்கு, பம்பைக் கழற்றிக் கீழே இறக்க வேண்டும். செபமாலை அண்ணன் குதித்தார்.

"என்னா தங்கச்சி, என் கையில குத்தம் கண்டுபுடிக்கிறியா? இத்தன வருசமா ஒரு குப்பி ஒடைஞ்சிருக்கா, ஒழுகியிருக்கா?"

"ஒங்க அடைப்புல குத்தம் இல்லண்ணே. நீங்க அடைக்கிறதுக்கு முன்னுக்கே அது குடிச்சிருச்சோன்னுதான் பாக்கணும்."

"குடிச்சிருந்தா?"

"குடிச்சிருந்தா சொல்லணும்."

"சொன்னா ஸ்டோர மூடிருவாங்க. நீ எங்க போவ? ஆத்தாகூட மலைக்குக் கொழுந்தெடுக்கவா?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே பம்பைத் தோளில் வைத்து இறக்கினார். உலை வாயில், வியர்க்க வியர்க்க, வெளிச்சம் போதாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தக் குப்பியை அடைத்தார். அவருக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் அடைப்பு அழகாக இருந்தது. மூன்றையும் தபாலில் சேர்த்துவிட்டு டைரக்டரிடம் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

பதில் வருவதற்கு முன்னாலேயே குழு வந்துவிட்டது. மூன்று பேர், நனைந்த மழைக்கோட்டுகளோடு. டைரக்டர் மேல்மாடியில் நாற்காலி போட்டு, ஸ்டோரின் கதையெல்லாம் சொல்லி, கடைசியில் சுவரில் இருந்த தாளைக் காட்டினார். பொடியைச் செய்தவள் இவள்தான் என்று என்னை முன்னால் நிறுத்தினார். அவர் கண் என்னிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டது. எனக்கு அது நன்றாக விளங்கியது.

குழுவின் தலைவர் மெல்லிய மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உச்சிக்குக் கீழே விரலை வைத்தார்.

"இது முழுக்க அமிலத் தளமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

'ஆம்' என்று சொல்ல ஒரு நொடி போதும். பிரிவு பிழைக்கும், செபமாலை அண்ணன் பிழைப்பார், நானும் பிழைப்பேன். அம்மா கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் உட்காரலாம். இதெல்லாம் மூளைக்குள் ஓடியது. பொய் சொல்லப் பயந்து நான் உண்மை சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அந்த உச்சியை நம்பி அடுத்த பொடியைச் செய்ய வேண்டியவளும் நான்தானே? தண்ணீரை அமிலம் என்று எழுதி வைத்துவிட்டால், அதற்குப் பிறகு செய்யும் ஒவ்வொரு பொடியும் தண்ணீரைத் துரத்திக்கொண்டே போகும். எத்தனை வருடம் கொடுத்தாலும் எண்ணெய் கூடாது.

"தெரியாது" என்றேன்.

மூவரும் நிமிர்ந்தார்கள். நான் மேலே சொன்னேன். இதில் மூடுபனி இருக்கலாம், எவ்வளவு என்று தெரியவில்லை, எண்ணெய் கூடாததால் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, சோதித்துப் பார்க்க மூன்று குப்பி அனுப்பியிருக்கிறோம், அவை வந்தால் நிச்சயமாகச் சொல்ல முடியும். டைரக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எப்போது வரும்?" என்றார் தலைவர்.

"அதுவும் தெரியாது, சேர்."

ஒருவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை, எதையோ எழுதிக்கொண்டார்.

முடிவு சீக்கிரமே வந்தது. பிரிவை மூடவில்லை. சில மாதங்கள் மட்டும் கொடுத்து, அதற்குள் நிரூபி என்று சொல்லி, செலவைக் குறைக்கத் தற்காலிக ஆட்களை நிறுத்தச் சொன்னார்கள். தற்காலிக ஆட்கள் என்று இருந்தது நான் ஒருத்திதான். டைரக்டர் எனக்கு அதை நின்றுகொண்டு சொன்னார், உட்காரச் சொல்லவில்லை. செபமாலை அண்ணன் மாத்திரம் பஸ் வரை கூட வந்தார்.

"ஒரு வார்த்தைய முழுங்கியிருந்தா என்னா தங்கச்சி, வயிறா வெடிச்சிருக்கும்?"

"வெடிச்சிருக்கும்ண்ணே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறி, கினிகத்தேனை வரும்வரை அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். நியாயமாக நடந்துகொண்டால் மனது நிம்மதியாக இருக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு நிம்மதி இருக்கவில்லை, ஆத்திரம்தான் இருந்தது.

அம்மாவுக்கு அந்த மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி. வேலை போய்விட்டது என்றதும் எழுந்து உட்கார்ந்தார்.

"பொய் சொல்லச் சொன்னாங்களா?"

"சும்மா இருக்கச் சொன்னாங்கம்மா."

"சும்மா இருக்க ஒனக்கு எப்பத்தான் தெரிஞ்சிச்சு?" என்று சொல்லிவிட்டு, ஆணியில் இருந்த படங்கை எடுத்து என் இடுப்பில் அவரே சுற்றிவிட்டார். மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரித்து விடும் பெரட்டில் அம்மாவுக்குப் பதிலாக நான் போய் நின்றேன்.

கங்காணிக்குக் கொண்டாட்டம். "பாருங்கடி, காலேஜிப் புள்ள கொழுந்தெடுக்க வந்துருக்கு! ஏ புள்ள, இங்கிலீசுல எடுக்காத, ரெண்டெலையும் மொட்டும் தமிழ்லயே கேக்குது!" பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? என் விரல் மற்றவர்களின் வேகத்துக்கு வரவே இல்லை, பக்கத்து நிரைக்காரி பாவப்பட்டு ஒரு பிடி கொழுந்து என் கூடையில் போடுவாள். நடு மலையில் மூடுபனி வந்து முகத்தில் ஒட்டும்போதெல்லாம் நான் ஒன்றையே நினைத்தேன். அந்த மூன்று குப்பியும் இப்போது எங்கே இருக்கும்? என் சந்தேகம் பொய்த்துப் போனால், அந்த உச்சி உண்மையான அமிலமாகவே இருந்தால், நான் என் வேலையோடு எல்லோருடைய வருடங்களையும் சேர்த்துக் கெடுத்தவளாகிவிடுவேன். அந்தப் பயம் கூடையைவிடக் கனமாக இருந்தது.

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு நாள் மத்தியானத்துக்குப் பிறகு, கீழே ரோட்டில் ஜீப் நின்றது. குடையோடு ஒருவர் செடிகளுக்கு நடுவே ஏறி வந்தார். டைரக்டர். குடையைத் தனக்குப் பிடிக்காமல் கைக்குள் இருந்த சுருளுக்குப் பிடித்திருந்தார். தலை, தோள் எல்லாம் நனைந்து, காலில் அட்டை ஏறியிருந்தது. பெண்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"வந்துருச்சு மேரி" என்றார். மூச்சு வாங்கியது. சுருளை நீட்டினார்.

"என் கை ஈரம் சேர். நீங்களே புடிங்க."

அவர் முதல் தாளைப் பிரித்தார். பழைய உச்சி, அப்படியே. இரண்டாவது தாள், ஜன்னலோரம் நின்ற குப்பி. உச்சி இன்னும் பெருத்திருந்தது. மூன்றாவதைப் பிரிப்பதற்கு முன்னால் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"தண்ணிதான்" என்றார். "நம்ம மாடிதான்."

மூன்றாவது தாளில் அந்த மலை இல்லை. தரைமட்டமாகியிருந்தது. நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. கண்ணை அருகில் கொண்டுபோனேன். இருக்கிறது! பெரிய உச்சி மறைத்து வைத்திருந்த இடத்தில், சின்னதாக, கூர்மையாக ஒன்று நின்றது. தண்ணீரின் உதவி இல்லாமல், தன் காலில்.

"சேர், இதுதான். இதுதான் நம்ம அமிலத் தளம். சின்னது, ஆனா நெசம். இத வச்சு வளக்கலாம்."

"தெரியும்" என்றார். "கொழும்புக்குப் போயிட்டுத்தான் வர்றேன். பழைய தாள எடுத்துட்டு இத வச்சேன். தண்ணின்னு நானே சொன்னேன். தலைவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்ன புள்ள எங்கன்னு கேட்டாரு." குடையைத் தாளின் மேல் இன்னும் சாய்த்தார். "கொழுந்து எடுக்குதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒங்களத் திரும்ப எடுக்கச் சொல்லிட்டாங்க. ஜீப் கீழ நிக்குது, வாங்க."

உடனே கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடியிருப்பேன். ஆனால் மேலே நிரையின் முனையில் கங்காணி நின்றார், பக்கத்தில் எனக்குப் பிடி பிடியாகக் கொழுந்து போட்டவள் நின்றாள், வீட்டில் அம்மா இருமிக்கொண்டு கிடந்தார்.

"இப்ப எறங்குனா அம்மாவுக்கு அரைப்பேரு, அரைநாள் சம்பளந்தான் போடுவாங்க சேர். அந்தி நிறுவை முடியட்டும், வர்றேன்."

அவர் தாள்களைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, காலில் இருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ரோட்டோரக் கல் ஒன்றில் போய் உட்கார்ந்தார். நான் நிரைக்குத் திரும்பினேன். கடைசிக் கூடை தராசில் ஏறும்வரை அவர் எழுந்திருக்கவே இல்லை.